ஆறாம் நம்பர் எஞ்சினும் மஞ்சள் சோறும்

பதினேழாவது முறையாக ரயில் ஆற்றில் விழுந்தது.

வினார்கோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திரையில் ஆறாம் நம்பர் எஞ்சின் தலைகீழாகக் கிடந்து, சக்கரங்களை வானத்தில் சுற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் புகை விட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பன்னிரண்டு கரும்புப் பெட்டிகளும் ஒன்றையொன்று முந்தாமல் வரிசையாகப் பூச்சுங் ஆற்றில் குதித்தன. இவ்வளவு ஒழுங்கான வரிசையை வினார்கோ தன் அலுவலகத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"விழுந்துடுச்சா?" என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி ரெத்னோ கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெருமூச்சு விட்டீங்களே. ரயில் ஓடும்போது நீங்க மூச்சே விட மாட்டீங்க."

கெடுங்சாரி சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் குமாஸ்தா வினார்கோ. வயது நாற்பத்தேழு. கரும்பு ஏற்றிவரும் ஆலையின் குட்டி ரயில் பாதையை, அந்த எழுபது சென்டிமீட்டர் அகல நேரோ கேஜை, இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ரயில் சிமுலேட்டருக்காகக் கட்டிக்கொண்டிருந்தார். ஆலை வாசலிலிருந்து கடைசி வயல் வரை நாலு கிலோமீட்டர். கட்டை கட்டையாக, மரம் மரமாக. எந்த வேலியில் எந்த நிறத் துணி காயும் என்பதுகூட அதில் இருந்தது.

பொழுதுபோக்காக இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. போன மாதம்தான் வினை வந்தது. அரவை தொடங்கும் நாளன்று இரண்டு கரும்புகளுக்குக் கல்யாணம் செய்வது அந்த ஊர் வழக்கம். மாப்பிள்ளைக் கரும்புக்குத் தலைப்பாகை, பெண் கரும்புக்குப் பட்டு. இருவரையும் வயலிலிருந்து குட்டி ரயிலில் ஊர்வலமாகக் கொண்டுவந்து, வாழ்த்தி, பூத்தூவி, நேராக அரவை இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். கல்யாணத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை என்பது வினார்கோவின் கருத்து. வீட்டில் சொன்னதில்லை.

அந்த ரயிலை ஓட்டிவந்த பழைய டிரைவர் சுரபாயாவுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். ஆலை மேனேஜர் பாக் ஹெந்தார்த்தோ பட்டணத்திலிருந்து வந்தவர். எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புவார்.

"பாதையை யார் முழுசாத் தெரிஞ்சு வெச்சிருக்காரோ அவர்தான் ஓட்டணும்" என்று அவர் வினார்கோவிடம் சொல்லியிருந்தார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெரிய திரை கட்டறோம். உங்க ரயில் வயல் வரைக்கும் போய்ப் பழுதில்லாமத் திரும்பி வந்தா, நீங்கதான் டிரைவர். இல்லேன்னா காத்தோத்."

பாய்லர் பிரிவின் காத்தோத் அதற்குள் டிரைவர் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டிருந்தான். வினார்கோவோ ஆறு வயதிலிருந்து அந்த இருக்கைக்கு ஏங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை முற்றத்துக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பழகியிருக்கிறார். முற்றத்து வாசலைத் தாண்டி ஒரு நாளும் விட்டதில்லை. இந்த ஒரு ஊர்வலம் போதும், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கரும்பு எடை போடலாம் என்று நினைத்திருந்தார். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ரயிலோ பூச்சுங் பாலத்தைத் தாண்ட மாட்டேன் என்றது.

அன்றைக்குப் பார்த்துத் தெருத் தலைவர் ஏணி கேட்டு வந்தார். பெயர் தார்சோனோ, ஊரில் எல்லோருக்கும் அவர் பாக் ஆர்.டி., அதாவது தெருத் தலைவர் ஐயா. ஏணியை மறந்துவிட்டுத் திரை முன்னால் நின்றார்.

"இது நம்ம பூச்சுங் பாலம்தானே?"

"ஆமா பாக்."

"தூணுல பாசிகூட அப்படியே இருக்கு."

"அதுக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு பாக்."

"சரி, பாலத்துக்குச் சோறு வெச்சீங்களா?"

வினார்கோவுக்குப் புரியவில்லை.

"நிஜப் பாலத்துக்கு வருஷா வருஷம் கல்யாணத்துக்கு முன்னாடி வெக்கிறோமில்ல? அந்தப் பாலத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீங்க பாட்டுக்கு இன்னொரு பாலம் கட்டி நிறுத்திட்டீங்க. அவருக்குக் குழப்பமா இருக்காதா?"

"இது கம்ப்யூட்டர், பாக்."

"அது அவருக்குத் தெரியுமா?"

பாக் ஆர்.டி. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலைக்குள், வினார்கோ வீட்டு ரயில் ஏன் விழுகிறது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வினார்கோ படித்த மனிதர். இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் பதினேழு முறை விழுந்த ரயிலை வைத்துக்கொண்டு படிப்பைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு படையல் செய்தார். வாழையிலை, கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு, சுற்றி அவித்த முட்டை, உச்சியில் ஒரு சிவப்பு மிளகாய். மூன்று நாள் வேலை. அழகாக வந்தது. பாலத்து முனையில் வைத்துவிட்டு ரயிலைக் கிளப்பினார்.

சோறு தண்டவாளத்துக்கு ஒரு சாண் கிட்டே இருந்துவிட்டது. சிமுலேட்டருக்குச் சோறும் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். ஆறாம் நம்பர் எஞ்சின் மஞ்சள் சோற்றில் மோதி, மிளகாயோடு சேர்ந்து, பாலத்துக்கு முன்னாலேயே தடம்புரண்டது.

இந்தச் செய்தியும் தெருவுக்குப் போனது. பாக் ஆர்.டி. இந்த முறை ஏணி கேட்காமலேயே வந்தார்.

"படையலையே போய் இடிச்சிட்டீங்களா?"

"தெரியாம நடந்துடுச்சு பாக்."

"முன்னாடி கேக்காம கட்டினது ஒரு தப்பு. இப்ப இதுவும் சேந்துடுச்சு. இனிமே நிஜச் சோறுதான். உங்க வீட்டுலேயே, இந்தப் பெட்டி முன்னாடியே ஸ்லாமத்தான் வெச்சிடுவோம். ஊரையே கூப்பிட்டுத் துவா ஓதி, உட்கார்ந்து சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்."

ஓத வேண்டியவர் ஊர்ப் பள்ளிவாசலின் மோதின் ஜுவாரி. ரொம்பக் கண்டிப்பானவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரயிலை முன்னிருந்து பின்வரை பார்த்தார்.

"மனுஷங்க பத்திரமாப் போய்ச் சேரணும்னு ஓதலாம். வெறும் இரும்புக்கு ஓத மாட்டேன். இதுல ஆள் எங்கே?"

"ஆள் இல்ல பாக். கரும்புதான்."

"அப்ப ஆளை ஏத்துங்க. அப்புறம் கூப்பிடுங்க."

வினார்கோ இரண்டு பயணிப் பெட்டிகளை இணைத்தார். சிமுலேட்டருக்குத் தயாராகக் கிடைத்த மனிதர்கள் எல்லோரும் ஏதோ குளிர்தேசத்தில் செய்யப்பட்டவர்கள். கம்பளித் தொப்பியும் கனத்த கோட்டுமாகக் கரும்பு வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள் இபு ஙத்மி முகத்தைச் சுளித்தாள்.

"யாரு இவங்கல்லாம்? நம்ம ஊர் ரயில்ல நம்ம ஊர்க்காரங்க உட்காரக் கூடாதா?"

நியாயம்தானே என்று வினார்கோ அவள் போட்டோவை வாங்கி ஜன்னலோரத்தில் உட்காரவைத்தார். அவர் செய்த தப்புகளில் பெரியது இதுதான். மறுநாள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

"ஙத்மி ஜன்னலோரத்துல இருக்கா, நான் மட்டும் நடுவுலயா?"

"எனக்குப் போன பெருநாளைக்கு எடுத்த பச்சைச் சட்டை போடுங்க பாக். இது பழசு."

"நான் தெருத் தலைவர். முன்னாடி நின்னுதான் வரணும். உட்கார்ந்தா எவன் பாக்கிறான்?"

அதே தெரு இபு சுப்பியாவுக்கு ஙத்மியோடு ஒரே பெட்டியில் போகச் சம்மதமில்லை. இரண்டு பேருக்கும் போன வருஷத்திலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்காக ஒரு பெட்டி. அவள் பக்கத்தவர்களுக்காக இன்னொன்று. நாலு பெட்டி, நாற்பத்தோரு பேர் ஆயிற்று. எல்லோருக்கும் ஜன்னலோரம் கிடைக்க வேண்டும் என்பதற்காக நடு இருக்கைகளையே எடுத்துவிட்டார்.

ஒரு மாலை ரெத்னோ காபியோடு வந்து, பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டி முடிந்தது.

"நான் எங்கே?"

வினார்கோ வாங்கிய காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"நீ... நீ வீட்டுல இருக்கே."

"எந்த வீட்டுல? நம்ம வீட்டைத்தான் நீங்க இன்னும் கட்டவே இல்லையே."

உண்மை. தண்டவாளத்திலிருந்து நாற்பதடி தள்ளி, ஙத்மி வீட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே, வினார்கோவின் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல் முளைத்திருந்தது. இரண்டு வருஷத்தில் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"துணிக் கொடியெல்லாம் போட்டிருக்கீங்க" என்றாள் ரெத்னோ, குரலை உயர்த்தாமல். "சுப்பியா வீட்டு ஆடு இருக்கு. ஆட்டுக்குக் கயிறு இருக்கு. நாற்பது பேருக்குக் கோழி அடிச்சுச் சோறு வடிக்கப்போறது யாரு? அந்த ஆடா?"

அன்றிரவு சாப்பாட்டில் வெறும் சோறும், பொரித்த சோயாக் கட்டியான தெம்பேயும் இருந்தன. மறுநாள் வினார்கோ ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்து தன் வீட்டைக் கட்டினார். ஓடு, கிணறு, வாசலில் அவள் வளர்க்கும் மல்லிகை. பிறகு எஞ்சினுக்குள், டிரைவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே அவளை நிறுத்தினார்.

ரெத்னோ வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னை ஏன் இவ்வளவு குண்டாப் போட்டிருக்கீங்க?"

"எஞ்சின் கதவு சின்னது. அதனால அப்படித் தெரியுது."

"கோழி எத்தனை வேணும்னு ஆர்.டி.யைக் கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வினார்கோவுக்கு உயிர் வந்தது.

ரயிலுக்குத்தான் போய்விட்டது. நாற்பத்திரண்டு பேர், அவரவர் கேட்ட சட்டை, ஆடு, மல்லிகை எல்லாவற்றையும் சுமந்த கம்ப்யூட்டர் பழைய ஆல்பம் புரட்டுவது போல ஒவ்வொரு படமாகக் காட்டியது. ஆறாம் நம்பர் இப்போது பாலம் வரைக்குமே போகவில்லை. பாரம் தாங்காமல் பள்ளிக்கூடத்து மேட்டில் பின்னோக்கி உருண்டு, சத்துணவுக் கூடத்துக்குள் புகுந்து நின்றது. முன்பாவது ஆற்றில் விழுந்தது.

ஸ்லாமத்தான் நாளும் வந்தது. அன்று மத்தியானம், கரும்புப் பெட்டிகளையாவது குறைத்துப் பார்க்கலாம் என்று திரையில் பாதையை உருட்டிக்கொண்டு போனவருக்குப் பாலத்து முனையில் ஏதோ கண்ணில் பட்டது. பெரிதாக்கிப் பார்த்தார். வலது தண்டவாளத்தின் ஒரு துண்டு, சேருமிடத்தில், நெல்மணி அளவுக்குத் தாழ்ந்து இருந்தது. அவர் வைத்ததுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏதோ ஒரு தூக்கக் கலக்கத்தில்.

ஒரு தட்டுத் தட்டினார். துண்டு ஏறி உட்கார்ந்தது. கரும்புப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு ரயிலை விட்டார். பள்ளிக்கூடத்து மேடு ஏறியது. பாலத்தைத் தாண்டியது. திரும்ப விட்டார், தாண்டியது. மூன்றாவது முறையும் தாண்டியது. சந்தோஷத்தில் எழுந்து அடுக்களைக்கு ஓடினார். அங்கே ஒன்பது கோழி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஙத்மி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளோடு பேசாத சுப்பியா, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். ரெத்னோ கரண்டியோடு திரும்பினாள்.

"என்ன?"

வினார்கோ மூன்று பெண்களையும் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. உப்புச் சரியா இருக்கான்னு கேக்க வந்தேன்."

சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்து முப்பத்தாறு ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு மஞ்சள் சோறு. எதிரே மேஜையில் கம்ப்யூட்டர். மோதின் ஜுவாரி நாலு பெட்டியிலும் ஆள் இருப்பதை உறுதி செய்துகொண்டு, பயணம் போகிறவர்கள் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உருக்கமாக ஓதினார். பயணம் போகிறவர்களில் பலர் பாயில் உட்கார்ந்து ஆமீன் சொன்னார்கள்.

"விடுங்க ரயிலை" என்றார் பாக் ஆர்.டி.

வினார்கோ விட்டார். ரயில் மேடு ஏறி, பாலத்தைத் தாண்டி, வயல் வரை போய்த் திரும்பியது. கூடத்தில் ஒரே ஆரவாரம். பாக் ஆர்.டி. வினார்கோவின் முதுகில் தட்டிய தட்டில் மூக்குக்கண்ணாடி சோற்றில் விழுந்தது.

"பார்த்தீங்களா? படிச்சவர், படிச்சவர்னு பத்து நாளை வீணாக்கினீங்க."

"ஆமா பாக்" என்றார் வினார்கோ. வேறென்ன சொல்வது.

எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். பாக் ஆர்.டி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு நேராகச் சாய்ந்துகொண்டார்.

"வருஷா வருஷம் அந்த ஆத்தங்கரையில எறும்புக்கடியில உட்கார்ந்து சாப்பிட்டோமே, எவனுக்காவது தோணிச்சா? இதான் வசதி."

அடுத்த நாள் ஆலை முற்றத்தில் பெரிய திரை கட்டினார்கள். ரயில் ஒரு துளிப் பிசகு இல்லாமல் போய்த் திரும்பியது. தங்களைத் தாங்களே திரையில் பார்த்த நாற்பத்திரண்டு பேரும் கைதட்டி ஓய்வதற்குள் மேனேஜர் எழுந்து வந்து, டிரைவர் தொப்பியை வினார்கோவின் தலையில் வைத்தார். காத்தோத் தைத்த சட்டையின் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வினார்கோவுக்கு அவனைப் பார்க்கக்கூடக் கண் தெரியவில்லை. கண் நிறைய ஈரமாக இருந்தது.

மணமக்களோடுதான் ரயில் அந்த வருஷம் முதன்முதலாகப் பாலத்தை மிதிக்க வேண்டும் என்பது வழக்கம் என்பதால், எஞ்சினையும் பெட்டிகளையும் முந்தின இரவே லாரியில் வயலோரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். கல்யாண நாள் காலை ஒன்பது மணிக்கு, அங்கே, நிஜமான ஆறாம் நம்பர் எஞ்சினில் ஏறினார் வினார்கோ. கைப்பிடி சூடாக இருந்தது. நெருப்பும் எண்ணெயும் வெல்லப்பாகும் கலந்த அந்த வாசனையைச் சிமுலேட்டரில் வைக்க முடியாது. பக்கத்தில் ரெத்னோ, திரையில் நின்ற அதே இடத்தில், நல்லவேளையாக ஒல்லியாக நின்றாள். பின்னால் பெட்டிகளில் ஒரே ரகளை.

"எழுந்திரிங்க, அது என் சீட்டு."

"பேரு எழுதியிருக்கா?"

"கம்ப்யூட்டர்ல போய்ப் பாருங்க. அங்க நான்தான் இருக்கேன்."

மேனேஜர் முதல் பெட்டியில், மணமக்கள் கரும்புகளோடு உட்கார்ந்திருந்தார். பாக் ஆர்.டி. முன்னால் நின்று ஊருக்கெல்லாம் கையசைத்தார். வினார்கோ விசிலை இழுத்தார். வயல், வேப்பமரம், சுப்பியா வீட்டு ஆடு, தன் வீட்டு மல்லிகை, எல்லாம் வரிசையாக வந்து அவருக்கு வணக்கம் சொல்லிப் போவது போல இருந்தது. இதுதான் நான் கேட்டது, இவ்வளவுதான் கேட்டேன் என்று அவர் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

பூச்சுங் பாலம் வந்தது. வினார்கோ பயப்படவில்லை. இந்தப் பாலத்தை அவர் ஒரு ஆணி விடாமல் அறிவார். வேகத்தைக் குறைத்து, நடையளவில் ஏற்றினார்.

ஏதோ டக் என்றது. ஆறாம் நம்பர் எஞ்சின் வெகு மெதுவாக, மரியாதையோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன்சக்கரங்களைத் தண்டவாளத்திலிருந்து கீழே இறக்கிவைத்து நின்றது.

யாருக்கும் அடி இல்லை. மேனேஜரின் தொப்பி ஆற்றில் மிதந்தது. அதன் பின்னாலேயே பட்டு உடுத்திய பெண் கரும்பும் போயிற்று. மாப்பிள்ளைக் கரும்பு மட்டும் வண்டியில் தனியாக நின்றது. அதன் முகத்தில் நிம்மதி தெரிந்ததாகச் சிலர் பிற்பாடு சொன்னார்கள்.

"வினார்கோ" என்று மேனேஜர் கூப்பிட்டார். "கீழே இறங்குங்க."

இறங்கினார். தலையிலிருந்த தொப்பியை அவர் கேட்பதற்கு முன்பே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"திரையில ஒழுங்காப் போச்சே. இங்க என்ன ஆச்சு?"

"தெரியல சார்."

"என்ன சார் இது அநியாயம்" என்று பாக் ஆர்.டி. உடைந்த குரலில் சொன்னார். "ஒன்பது கோழி அடிச்சுச் சோறு வெச்சோம். ஒரு குறையும் வெக்கலியே."

அப்போது அக்கரையிலிருந்த தகரக் குடிசையின் கதவு திறந்தது. பாலத்தைக் கவனிக்கும் ஆலைத் தொழிலாளி சார்பின், கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு நீள ஸ்பானரோடு தூக்கக் கலக்கமாக வெளியே வந்தான். சாய்ந்து நிற்கும் எஞ்சினைப் பார்த்தான், கட்டைகளுக்கு நடுவே கழன்று கிடந்த நட்டுகளைப் பார்த்தான், பாக் ஆர்.டி.யைப் பார்த்தான்.

"நீங்கல்லாம் இங்க வந்து சோறு வெச்சு எனக்கும் ஒரு இலை போட்டுட்டுப் போனாத்தானே, ஓ, கல்யாணம் வந்துடுச்சுன்னு எழுந்து நான் நட்டெல்லாம் முடுக்குவேன், இந்த வருஷம் ஒருத்தரும் வரலியே பாக், அரவை தள்ளிப்போச்சுன்னுல்ல நெனச்சுட்டேன்."